எதிர்த்தரப்பு வக்கீலாக எழுதிப் பார்

1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட கடல் எல்லை ஒப்பந்தத்தில் மொத்தம் எட்டே பிரிவுகள். அச்சடித்தால் இரண்டு மூன்று பக்கத்தில் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் அதைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ஆனால் முழுக்கப் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்று என் எம்.எல். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். ஒன்றிரண்டு கைகள் உயர்ந்தால் அதிகம். சர்வதேசச் சட்டப் பாடத்தை அந்த எட்டுப் பிரிவுகளின் நகலை ஆளுக்கொன்று கொடுத்துத்தான் தொடங்குவேன். பாடப்புத்தகம் அப்புறம்.

படித்ததும் எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: "மேடம், கச்சத்தீவைக் கொடுத்ததாக இதில் எங்கே இருக்கிறது?" அப்படி ஒரு வரி அதில் கிடையாது. முதல் இரண்டு பிரிவுகள் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை புள்ளிகளைக் குறித்துக் கோடு போடுகின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள நீரும் தீவும் கடலடியும் இந்தியாவுக்கு, அந்தப் பக்கம் உள்ளவை இலங்கைக்கு என்கிறது நான்காவது பிரிவு. கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போகிறது. அவ்வளவுதான். தகராறில் இருந்த, எல்லையே வகுக்கப்படாத இடம், ஆகவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று மத்திய அரசு பிறகு நீதிமன்றத்தில் சொன்னதற்கு இந்த அமைப்புதான் வசதி செய்து கொடுத்தது. சொந்த நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960இல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லியிருந்தது. அந்தப் படியை ஏறாமல் தாண்டும் விதமாக 1974 ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனத்தை ரசிக்காமல் இருக்க முடிவதில்லை. கோபம் வேறு விஷயம்.

என் முனைவர் பட்ட ஆய்வு தீவைப் பற்றியதல்ல. ஐந்து, ஆறு ஆகிய பிரிவுகளைப் பற்றியது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்கு விசாவோ பயண ஆவணமோ வேண்டாம் என்பது ஐந்து. இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டு நீரில் பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்பது ஆறு. தீவில் வலை உலர்த்தி, இளைப்பாறி, அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வர மட்டும் இது அனுமதியா, அல்லது சுற்றியுள்ள நீரில் மீன் பிடிப்பதும் சேர்ந்ததா? இந்தக் கேள்வியைத் தலைப்பாக வைத்து சினாப்சிஸ் எழுதிக் கொண்டுபோனேன். என் கைடு வாசித்துவிட்டு மேஜை மீது வைத்தார். "நீ ராமநாதபுரத்துக் கடற்கரைப் பொண்ணு. உனக்கு என்ன பதில் வேணும்னு இதைப் படிச்சாலே தெரியுது. முதல் அத்தியாயத்தை இலங்கையோட வக்கீலா எழுதிப் பாரு. எழுத முடிஞ்சா ரெஜிஸ்டர் பண்ணலாம்" என்றார்.

எழுதினேன். கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்குமான இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தான அன்றைக்கே இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். இந்திய மீனவர்கள் இலங்கையின் வரலாற்று நீரிலோ, ஆட்சிக்கடலிலோ, பொருளாதார மண்டலத்திலோ இலங்கையின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது. அதுபோலவே அவர்களும் இங்கே. கடிதம் என்றாலும் சர்வதேசச் சட்டத்தில் அது ஒப்பந்தத்துக்குச் சமம்தான். இலங்கையின் வக்கீலுக்கு இதுவே போதும்: பிந்தியது முந்தியதை மாற்றிவிட்டது, கதை முடிந்தது. நம் பக்கத்து வக்கீல் எழுந்து, கடிதம் மன்னார் வளைகுடா ஒப்பந்தத்தை ஒட்டி எழுதப்பட்டது, பாக் நீரிணையைத் தொடாது என்பார். இலங்கையின் வக்கீல் பதிலுக்கு, 'வரலாற்று நீர்' என்று கடிதத்தில் இருக்கிறதே, 1974 ஒப்பந்தத்தின் தலைப்பே அதுதானே என்பார். இந்தச் சண்டைக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. இரு நாடுகளும் சேர்ந்து கொண்டுபோனால்தான் அப்படி ஒரு தீர்ப்பு பிறக்கும். கொண்டுபோக மாட்டார்கள்.

ஒப்பந்தம் கைகொடுக்காத இடத்தில் வழக்காறு வரும். சர்வதேச நீதிமன்றத்தின் சாசனம் 38ஆவது பிரிவில் ஒப்பந்தத்துக்கு அடுத்ததாக அதைத்தான் வைத்திருக்கிறது. நாடுகள் தொடர்ந்து ஒன்றைச் செய்ய வேண்டும். சட்டப்படி கடமை, உரிமை என்று எண்ணியே செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வழக்காறு. உலகம் முழுக்க ஏற்க வேண்டியதுகூட இல்லை, இரண்டே நாடுகளுக்கு இடையிலும் வழக்காறு உருவாகலாம் என்பதை நிலைநாட்டிய வழக்கில் எதிர்வாதி இந்தியாதான். தாத்ரா, நகர் ஹவேலிக்குத் தன் கடற்கரைப் பகுதியான டாமனிலிருந்து இந்திய மண் வழியே போய்வரும் உரிமை கேட்டு போர்ச்சுகல் போட்ட வழக்கு. 1960இல் தீர்ப்பு. தனிநபர்கள், சிவில் அதிகாரிகள், சரக்கு ஆகியவற்றுக்கு வழக்காற்று உரிமை இருந்தது. படைக்கும் ஆயுதத்துக்கும் இல்லை என்றது நீதிமன்றம். ஒரே பாதை, ஒரே இரு நாடுகள், அதற்குள் எது வழக்கம், எது வழக்கமில்லை என்று துண்டு துண்டாகப் பிரித்த விதத்தைப் பார்த்தபோதுதான் என் ஆய்வுக்கு ஒரு முறை கிடைத்தது. 'மீன்பிடி உரிமை' என்று மொத்தமாகக் கேட்கக் கூடாது. எந்தப் படகு, எந்த வலை, எவ்வளவு தூரம், எந்த ஆண்டிலிருந்து?

அதற்குச் சான்று வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான் உட்கார்ந்த காலம் அதற்காகத்தான். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கட்டு வரும். கட்டை அவிழ்த்தால் தூசி வரும். சில நாள் அதோடு சரி. கிடைத்தவரையில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அரசாங்கம் எதில் காசு பார்த்ததோ அதை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறது. சங்குக் குத்தகை இருக்கிறது. முத்துக்குளிப்பு பற்றிக் கட்டுக் கட்டாக இருக்கிறது. சாயவேர் தோண்டும் உரிமைகூட ராமநாதபுரம் ஜமீன் பத்திரங்களில் வருகிறது. 1921இல் சென்னை அரசும் கொழும்பு அரசும் உட்கார்ந்து மீன்பிடி எல்லைக் கோடு பேசியதுகூட முக்கியமாகச் சங்கையும் முத்தையும் முன்னிட்டுத்தான். அதற்கு முன் 1904இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, பாக் நீரிணையை உலகத்துக்கெல்லாம் பொதுவான கடலாகப் பார்க்க முடியாது என்று சொல்கிறது. சர்வதேசச் சட்டப் புத்தகங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் அந்த வழக்கு எதைப் பற்றியது தெரியுமா? சங்குத் திருட்டு. காலையில் போய்ச் சாயங்காலம் சாளையும் காரப்பொடியும் கொண்டுவந்தவனைப் பற்றி எந்தக் கலெக்டரும் ஒரு வரி எழுதவில்லை. அவன் வரி கட்டவில்லை, ஆகவே அவன் இல்லை.

இந்த இடத்தில் ஆய்வு நின்றுபோயிருக்கும், நிக்கராகுவாவும் கோஸ்டாரிகாவும் இல்லாவிட்டால். இரண்டுக்கும் நடுவே ஓடும் சான் ஹுவான் ஆறு, 1858 ஒப்பந்தப்படி கோஸ்டாரிகாக் கரைவரை முழுக்க நிக்கராகுவாவுக்குச் சொந்தம். கோஸ்டாரிகாக் கரையில் குடியிருப்பவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆற்றில் மீன் பிடித்துவந்தார்கள். நிக்கராகுவா தடுத்தது. 2009 ஜூலை 13 அன்று சர்வதேச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இதற்கு ஒதுக்கிய பத்திகள் சிலவே. நீளமான தீர்ப்பு, பெரும்பகுதி ஆற்றில் கப்பல் விடுவது, சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவது, விசா கேட்பது பற்றி. பின்பக்கமாகத் தேடிப் போனால்தான் மீன் வரும். ஒதுங்கிய இடம், சிதறிக் கிடக்கும் சின்ன ஜனத்தொகை. அப்படிப்பட்டவர்களின் பழக்கம் அரசாங்க ஆவணத்தில் ஏறியிருக்க வாய்ப்பில்லை என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொள்கிறது. ஏட்டில் இல்லை என்பதால் வழக்கம் இல்லை என்றாகிவிடாது. நெடுங்காலமாகத் தடையில்லாமல் நடந்ததை நிக்கராகுவா மறுக்காமல் இருந்ததும் கணக்கில் சேர்ந்தது. முடிவு: வழக்காற்று உரிமை உண்டு.

எழும்பூரில் கிடைக்காததை ஹேக் நீதிமன்றம் கொடுத்துவிட்டது என்று அன்றைக்குத் துள்ளினேன். ஆனால் அதே தீர்ப்பின் அடுத்த அடி இன்னொன்று சொல்கிறது. அந்த உரிமை கரையிலிருந்து பிடிப்பதற்குத்தான். ஆற்றுக்குள் படகில் போய்ப் பிடிப்பது அப்படி வழக்கமாக இருந்ததற்குச் சான்று போதவில்லை, ஆகவே அதற்கு உரிமை இல்லை. கைடு சொன்னபடி எதிர்த்தரப்பு வக்கீலாக எழுதிப் பழகியிருந்ததால் அந்த வரி கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் முதல் பாதியை அடிக்கோடிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பேன். நம் ஊர்ப் பத்திரிகைகளில் இந்த வழக்கை எடுத்தாள்கிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்துகிறார்கள்.

எரித்ரியாவும் ஏமனும் செங்கடல் தீவுகளுக்காக மோதிய வழக்கு இன்னும் நெருக்கமானது. சர் ராபர்ட் ஜென்னிங்ஸ் தலைமையிலான நடுவர் தீர்ப்பாயம் 1998இல் ஹனிஷ் தீவுகளை ஏமனுக்குக் கொடுத்தது. கையோடு, அங்கே காலங்காலமாக மீன் பிடித்துவந்த எரித்ரிய மீனவர்களின் பாரம்பரிய ஏற்பாடு அப்படியே தொடர வேண்டும் என்றும் சொன்னது. தீவு ஒருவருக்கு, மீன்பிடி இருவருக்கும். படித்தபோது கச்சத்தீவை மனதில் வைத்து எழுதியதோ என்று தோன்றியது. 1999இல் வந்த இரண்டாம் தீர்ப்பு அந்த ஏற்பாட்டை விரித்துச் சொல்கிறது. கைத்தொழில் அளவிலான மீன்பிடி, சங்கும் முத்தும் குளிப்பது, தீவில் மீன் உலர்த்துவது, தங்குவது, படகு பழுதுபார்ப்பது, எதிர்க்கரைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விற்பது எல்லாம் அதில் அடக்கம். பழைய பாய்மரத்தில்தான் போக வேண்டும் என்றில்லை. சின்னப் படகுக்கு எஞ்சின் மாட்டலாம், திசை காட்டும் கருவி வைக்கலாம். ஆனால் பெருந்தொழில் மீன்பிடி இதில் சேராது.

பெருந்தொழில் என்பது எங்கே தொடங்குகிறது? என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இந்த ஒரு கேள்விக்குத்தான். பாக் நீரிணையில் பதில் மங்கலாகவெல்லாம் இல்லை. நாட்டுப்படகும் செவுள் வலையும் இந்தப் பக்கம். கடலடியை வழித்துக்கொண்டு வரும் இழுவைமடி அந்தப் பக்கம். இழுவைமடி இங்கே வந்ததே 1960களில்தான், அதுவும் அரசாங்கம் மானியம் கொடுத்து. சித்தப்பாவுக்கு விசைப்படகு உண்டு. ஊருக்குப் போனபோது என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். "அப்ப நாட்டுப்படகுக்காரனுக்கு உரிமை இருக்கு, எனக்கு இல்லேங்கிற?" நடுவர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் சித்தப்பா என்றேன். "அந்த நடுவரு யாரு, கடலுக்கு வந்தவரா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போனார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த நடுவர்கள் மீனவர்களின் வாக்குமூலங்களையும் பார்த்துத்தான் எழுதினார்கள் என்பதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அவரிடம் சொல்லாத இன்னொன்றும் ஆய்வேட்டில் இருக்கிறது. வழக்காறு என்றால் எதிர்த்தரப்பு பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்க வேண்டும். 1983க்குப் பிறகு வடக்கு இலங்கை மீனவர்கள் போரினாலும் கடற்படையின் தடைகளாலும் பல ஆண்டுகள் கடலில் இறங்கவே முடியவில்லை. நம் விசைப்படகுகள் அந்தக் கரைக்கு அருகே சுதந்திரமாகத் தொழில் செய்தது அந்த ஆண்டுகளில். யாழ்ப்பாணத்தானும் மன்னாரானும் வாய் திறக்காமல் இருந்ததை ஒப்புதல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. 2009க்குப் பின் அவர்கள் கடலுக்குத் திரும்பியதும் முதலில் எதிர்த்தது இழுவைமடியைத்தான். 2017இல் இலங்கை அதைச் சட்டம் போட்டே தடை செய்தது. ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகள் எதிரெதிரே நிற்கின்றன. கடலில் நிற்பது இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள்.

மாணவர்கள் விரும்பி எடுத்துவரும் ஓர் ஆயுதம் இருக்கிறது: 1982 கடல் சட்ட உடன்பாட்டின் 73ஆவது பிரிவு. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறிய வெளிநாட்டு மீனவரை, அதற்கென ஒப்பந்தம் இல்லாத நிலையில், சிறையில் போடக் கூடாது. படகையும் ஆட்களையும் தகுந்த பிணை வாங்கிக்கொண்டு உடனே விட வேண்டும். ராமேஸ்வரத்து மீனவர்களை எப்படிச் சிறை வைக்கலாம் என்று மூட் கோர்ட்டில் இதைக் காட்டி முழங்குவார்கள். ஆனால் 1977இல் இலங்கை ஓர் அரசறிவிப்பு வெளியிட்டது. பாக் நீரிணையில் தன் பக்கத்து நீர் உள்நாட்டு நீர் என்று. உள்நாட்டு நீரில் 73 இல்லை. எதிரணி மாணவி அந்த அறிவிப்பை எடுத்துப் படித்ததும் முழங்கியவர் தண்ணீர் குடிக்கும் காட்சியை வருடா வருடம் பார்க்கிறேன். அந்த அறிவிப்பு செல்லுமா, இருவருக்கும் உரிமை மிச்சமுள்ள நீரை ஒருவர் மட்டும் உள்நாட்டு நீராக அறிவிக்கலாமா என்று அடுத்த அடி எடுத்து வைப்பவர் எப்போதாவது ஒருவர் வருவார். அவரை ஆராய்ச்சிக்கு வரச் சொல்லி அன்றைக்கே பேசிவிடுவேன்.

இந்தத் துறைக்குச் சென்னை புதிதல்ல. சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் என்ற போலந்துக்காரர் 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்தார். இங்கிருந்தே ஆண்டுமலர் ஒன்றையும் நடத்தினார். நாடுகளுக்கு இடையிலான சட்டம் ஐரோப்பாவில் பிறந்து ஆசியாவுக்கு வந்தது என்று அப்போதைய புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் மராத்தியர், சாமுத்திரி, மலாக்கா என்று பழைய உடன்படிக்கைகளைத் தோண்டி, 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஐரோப்பியர்கள் ஆசிய அரசர்களைத் தமக்குச் சமமான இறையாண்மையாளர்களாக வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள், 19ஆம் நூற்றாண்டில்தான் கதவை அடைத்தார்கள் என்று காட்டினார். அந்த ஆய்வு 1967இல் ஆக்ஸ்போர்டில் புத்தகமாக வந்தது. மூன்றாம் உலகப் பார்வை என்று இன்று தனிப் பள்ளியாகப் பேசப்படும் ஆய்வுகள் அவரிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர் இருந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் சட்ட மாணவர்கள் முழிக்கிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லை.

பாடத்திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, பெரிதாக மாறுவதில்லை. நூலக வசதி மாறிவிட்டது. நான் ஆய்வு செய்த நாட்களில் ஐ.நா. ஒப்பந்தத் தொகுதி ஒன்று வேண்டுமென்றால் தில்லிக்கு ரயில் ஏற வேண்டும். இன்றைக்கு அத்தனையும் இணையத்தில் இலவசம். ஹேக் நீதிமன்றத்தில் இரு தரப்பும் தாக்கல் செய்த மனு, பதில் மனு, இணைப்புகள், வாய்மொழி வாதம் வரிக்கு வரி கிடைக்கிறது. மாணவர்கள் தீர்ப்பைப் படித்துவிட்டு நிறுத்துகிறார்கள், அதுவும் சுருக்கத்தை. நான் இணைப்புகளைப் படிக்கச் சொல்வேன். சிங்கப்பூரும் மலேசியாவும் பெத்ரா பிராங்கா என்ற பாறைத் தீவுக்காக மோதிய வழக்கில் 2008இல் சிங்கப்பூர் ஜெயித்தது. காரணங்களில் பெரியது ஒரு கடிதம். அந்தப் பாறை யாருடையது என்று சிங்கப்பூரிலிருந்து கேட்டதற்கு, ஜொகூர் உரிமை கொண்டாடவில்லை என்று 1953இல் ஜொகூரின் பொறுப்புச் செயலாளர் எழுதிய பதில், நாலு வரி. ஓர் அதிகாரி அவசரத்திலோ அசட்டையிலோ போட்ட கையெழுத்து, அரை நூற்றாண்டு கழித்து ஒரு நாட்டின் தலையில் விழுந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவுக்கு வேலைக்குப் போகிற என் மாணவர்களிடம் இந்தக் கடிதத்தை அச்செடுத்து மேஜையில் ஒட்டிக்கொள்ளச் சொல்வேன்.

வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் முதலிலேயே கேட்டார்: "நாளைக்கு இலங்கை உங்களை வக்கீலாக வைத்தால், உங்கள் ஆய்வேட்டில் எதை எடுத்து வாதாடுவீர்கள்?" நான்காம் அத்தியாயம் என்றேன். இந்தியா வைத்தால்? அதுவும் நான்காம் அத்தியாயம்தான், ஆனால் நாட்டுப்படகுக்கு மட்டும் கேட்பேன், விசைப்படகைக் கேட்கச் சொன்னால் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றேன். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, நீங்கள் யார் பக்கம் என்று கேட்டார். கைடு அவரை உட்காரச் சொன்னார்.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒரு படி மேலே போயிருக்கிறார். இலங்கைக் கரையில் வயதானவர்களிடம் போய், போருக்கு முன் இந்தப் பக்கத்துப் படகு எதுவரை வந்தது, நீங்கள் எதுவரை போனீர்கள், யார் யாரைத் தடுத்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார். வாய்மொழிச் சான்று கோர்ட்டில் நிற்குமா என்று கமிட்டியில் கேட்டார்கள். சான் ஹுவான் தீர்ப்பின் அந்தப் பத்திகளைப் படித்துக் காட்டினார், வாயை மூடிக்கொண்டார்கள். கேள்விப் பட்டியலை நானும் அவரும் உட்கார்ந்து மாற்றி மாற்றி எழுதினோம். 'உங்கள் உரிமை எது' என்று முதலில் இருந்த கேள்வியை எடுத்துவிட்டு, 'எந்த மாசத்தில் எந்த வலை போட்டீர்கள்' என்று வைத்திருக்கிறோம். பேசாலைக்கும் வல்வெட்டித்துறைக்கும் ஆள் பேசியாயிற்று. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம்தான் பாக்கி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் கோப்பு நாலு மேஜை தாண்ட வேண்டுமாம். இரண்டாவது மேஜையில் இருக்கிறது.